பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

2012-ஆம் வருடம், ஜூன் மாதம். நான் கருங்கலில் ஆம்புலன்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். வண்டிக்குள் நோயாளியோடு உட்கார்ந்து முதலுதவி செய்வது என் வேலை. வண்டியை ஓட்டுகிறவரை நாங்கள் பைலட் என்று சொல்வோம். என்னோடு ஓட்டிய பைலட் அண்ணன் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், நாற்பதை ஒட்டிய வயது. கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு நாலு வயது. அப்பா ஏரோப்ளேன் ஓட்டுகிறார் என்று அவள் அங்கன்வாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவரும் அதைத் திருத்தவில்லை. இதையெல்லாம் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை ஜன்னல். நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நான் முன் சீட்டில் உட்காருவேன். அண்ணன் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். மழை பெய்தால் என் யூனிபார்ம் நனையும், பெய்யாவிட்டால் மார்த்தாண்டம் சந்திப்பின் தூசி முழுக்க என் முகத்தில். ஏ.சி. இருக்கிற வண்டியில் எதற்கு இந்தக் கஷ்டம்? மே மாதக் கடைசியில் ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் வெடித்துவிட்டேன். "ஒங்களுக்கு காத்து வேணும்னா தலைய வெளிய நீட்டிட்டு ஓட்டுங்க அண்ணே. இனி கண்ணாடி மூடித்தான் இருக்கும்" என்றேன். மறுநாளிலிருந்து கண்ணாடி மூடியது, ஏ.சி. ஓடியது. ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அந்த வாரத்திலிருந்து அவர் என்னோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதுவரை அவர் வீட்டிலிருந்து வருகிற சாளை மீன் பொரித்ததில் பாதி எனக்கு, நான் கொண்டுபோகிற மரச்சீனிக் கிழங்கில் பாதி அவருக்கு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது டப்பாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் தென்னை மரத்தடிக்குப் போய்விடுவார். டீக்கடைக்கும் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவந்தார். சரி, ஆளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வீம்பு குறைச்சலில்லை. போய்க் கேட்கவில்லை.

இடையில் ஒருநாள், பிரசவ கிட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சுத்தம் செய்து வைத்த கத்தரிக்கோல். நன்றாகத் திட்டினேன். "வயறு கொறஞ்சாச்சு மோளே, பேன்ட் நிக்க மாட்டேங்கு" என்று சிரித்தார். கோபத்தை மறந்து சிரித்தாரே என்ற சந்தோஷத்தில், மெலிந்தது அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நர்சிங் படித்தவள் சொன்ன வார்த்தை அது.

அவர் இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது என் காதில் விழவில்லை. நான் மயிலாடிக்காரி. ஊரே கல் கொத்துகிற ஊர், அப்பாவும் கல் கொத்துகிறவர். எங்கள் வீட்டில் காலையில் கோழி கூவுவதற்கு முன்னால் அப்பாவின் இருமல் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு மாமா இருமுவார், எதிர் வீட்டுச் சித்தப்பா இருமுவார். கல்தூசி என்று சொல்லி ஒரு கிளாஸ் சுக்குக் காப்பி கொடுப்பதோடு சரி. இருமல் என்பது ஆண்பிள்ளைகள் போடுகிற ஒரு சத்தம் என்றுதான் நான் வளர்ந்திருந்தேன்.

எங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி வகுப்பு உண்டு. அந்த ஜூனில் நாகர்கோவிலில் ஒரு ஹாலில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். தொற்று நோய்கள், மூச்சு சம்பந்தப்பட்ட நோய்கள் என்று பாடம். உண்மையைச் சொன்னால் நான் போனது சர்டிபிகேட்டுக்காகவும் மத்தியானப் பிரியாணிக்காகவும். கடைசி வரிசையில் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்தேன். பாடம் எடுத்த டாக்டரம்மாவுக்கு மெல்லிய குரல், போதாக்குறைக்கு மைக்கும் வேலை செய்யவில்லை. முதலில் மாஸ்க் போடச் சொன்னார். மூக்கை அழுத்துகிற கம்பி தாடைக்கு வருகிற மாதிரி நான் தலைகீழாகப் போட்டிருந்தேன். ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பிறகு காசநோய்ப் பாடம் வந்தது. டாக்டரம்மா போர்டில் ஒவ்வொரு வரியாக எழுதினார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். பசியில்லாமை. எடை குறைதல். நாலாவது வரியை நோட்டில் எழுதும்போது அந்தக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. பேனா அப்படியே நின்றுவிட்டது. தென்னை மரத்தடியில் பாதிச் சோற்றை அவர் காக்கைக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். சாயங்கால டிரிப்பில் கண் சிவந்திருப்பதையும், ஏ.சி. குளிரிலும் சட்டைக் காலர் நனைந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கையைத் தூக்கி, தனித் தம்ளர் வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்குப் பரவாதா என்று கேட்டேன். "தம்ளர்ல, தட்டுல பரவாதும்மா. மூச்சுக் காத்துல பரவுது. மூடின இடத்துல ஒண்ணா எவ்வளவு நேரம் இருக்கீங்கங்கிறதுதான் முக்கியம். முதல்ல ஜன்னலத் திறங்க" என்றார் டாக்டரம்மா. அந்த ஜன்னலை மூட வைத்தது நான்தான். பிரியாணியை வாங்கிப் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில், எப்படிச் சொல்லப் போகிறேன் என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணே, பெல்ட்டுல இதுவர எத்தன ஓட்ட போட்டீங்க?" என்றுதான் வாயில் வந்தது.

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. "ரெண்டு" என்றார். பிறகு நான் மற்றதைச் சொன்னேன். காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. "ஒரு நாள் கிளாசுக்குப் போயிட்டு வந்து எனக்கு சீக்கு கண்டுபிடிக்கியா? ஒனக்க வேலைய பாரு" என்று சொல்லித் துணியை உதறிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு ஒரு அழைப்பு. படியில் விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு அம்மாவை அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சளிப் பரிசோதனை செய்கிற இடமும் அதே வளாகத்தில்தான் இருந்தது. நான் வெளியே வந்தபோது அண்ணன் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். எழுந்துவிட்டார்.

"கிட்ட வராத மோளே."

அதைச் சொன்ன குரலில் கோபமே இல்லை. ஒரு மாதமாக நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

நின்றுகொண்டே சொன்னார், காசநோயைச் சயம் என்றுதான் சொன்னார். "எங்க அண்ணன் சயம் வந்துதான் செத்தான். நான் அப்ப ஏழாங்கிளாசு. அவன் போனப் பொறவும் எங்க வீட்டுக்கு சயக்கார வீடுன்னுதான் பேரு. எங்க அக்காவ ஒருத்தனும் கல்யாணம் கெட்ட வரல்ல. எனக்கு வந்திருக்கது என்னன்னு எனக்கும் தெரியும். டெஸ்ட் எடுத்தா ஊருக்கும் தெரிஞ்சுரும். எனக்க பிள்ளைக்கும் அந்தப் பேர வாங்கிக் குடுக்கணுமா?"

"பிள்ளைக்குப் பேரு வேண்டாம், சரி. சீக்கு வரலாமா அண்ணே?"

அதற்குப் பிறகுதான் வீட்டுக் கதை வெளியே வந்தது. மகளைத் தூக்கி ஒரு மாதம் ஆகிறதாம். வெளி வராந்தாவில் தனியாகப் படுக்கிறாராம். பக்கத்தில் வந்தால் விரட்டுகிறாராம். "அப்பாக்கு என்னப் பிடிக்கல்லன்னு அம்மைட்ட சொல்லி அழுவுகா" என்றார். ஆனால் சாயங்காலமானால் அந்தச் சின்ன வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும்தான் ஜெபமாலை சொல்வார்கள். தனித் தம்ளர் இருப்பதால் பயமில்லை என்று நம்பியிருந்தார்.

நோட்டை எடுத்து, எழுதி வைத்திருந்ததைச் சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைப்போல வாசித்தேன். மாத்திரை ஆரம்பித்தால் கொஞ்ச வாரத்திலேயே பரவுவது குறைந்துவிடும். ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆறு மாதத்தில் குணமாகும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதையும் பரிசோதித்து, நோய் வராமலிருக்கத் தனி மாத்திரை தருவார்கள். இதில் முதல் வரியைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அப்பம் பிள்ளையத் தூக்கலாமா?" என்று கேட்டார்.

"டாக்டர் சொன்னப் பொறவு தூக்கலாம். ஆனா அதுக்கு இன்னைக்கு உள்ள போயி, அங்க குடுக்குற டப்பாவுல சளியத் துப்பிக் குடுக்கணும்."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நோய் இருந்தது. அலுவலகத்தில் லீவு கொடுத்தார்கள். மகளுக்கும் மனைவிக்கும் பரிசோதனை நடந்தது. மூடிய கண்ணாடிக்குள் கூடவே இருந்தவள் என்பதால் எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தைவிட, மூடச் சொன்னது நான்தானே என்ற எண்ணம்தான் அறுத்தது. நல்லவேளை, மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளைக்கு மட்டும் முன்னெச்சரிக்கை மாத்திரை கொடுத்தார்கள். தேனில் குழைத்துக் கொடுத்தாலும் துப்பினாளாம்.

அப்போதெல்லாம் காசநோய் மாத்திரையை நோயாளியின் கையில் மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். பெயர் எழுதிய ஒரு பெட்டியில் ஆறு மாத மருந்தும் இருக்கும். வீட்டு ஆள் அல்லாத ஒருவர் அதை வைத்திருந்து, வாரத்தில் மூன்று நாள் கண் முன்னால் விழுங்க வைக்க வேண்டும். அவர் ஊரில் அந்தப் பெட்டி அங்கன்வாடியில்தான் இருக்கும். மகள் படிக்கிற அங்கன்வாடி. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சுகாதாரப் பணியாளரிடம், பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது.

திங்கள், புதன், வெள்ளி காலையில் பைக்கில் வருவார். தென்னை மரத்தடியில் நின்று ஏழு மாத்திரையையும் என் முன்னால் விழுங்குவார். அந்தத் தம்ளரிலேயே தண்ணீர் குடிப்பார். தம்ளரால் பரவாது என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. முதல் வாரத்தில் ஒருநாள் போன் செய்து, "மோளே, ரத்தமா போவுது, நான் தீந்தேன்" என்றார். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள், நான் அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். நான் சிரித்த சிரிப்பில் அவரும் பயத்தை மறந்து திட்ட ஆரம்பித்தார்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவையும் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். காசநோய் இல்லை, கல்தூசிதான் நெஞ்சில் படிந்திருந்தது. அதை எடுக்க மருந்து கிடையாதாம். இத்தனை வருடம் கழித்து இப்போதாவது கேட்டாயே என்று சொல்வதைப்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

இரண்டு மாதம் முடிந்ததும் அண்ணனுக்கு மறுபடியும் சளிப் பரிசோதனை நடந்தது. கிருமி இல்லை என்று வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. பைக் வந்து நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவள் ஒரு கையால் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்த பிடியைக் கடைசிவரை விடவில்லை. ஆம்புலன்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்க செறகு எங்க?" என்று கேட்டாள்.

"மழயில நனையும்னு கழத்தி வச்சிருக்கு மக்கா" என்றார்.

மாத்திரையைக் கொடுத்தேன். தம்ளரைத் தேடினேன், கொண்டுவரவில்லை. சீட்டில் கிடந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கேட்கவும் இல்லை, அண்ணாந்து குடிக்கவும் இல்லை. வாய் வைத்துக் குடித்தார். பிறகு பைக்கில் தொங்கிய பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். நிறையச் சாளை பொரித்தது. "மூணு மாசத்துப் பாக்கி" என்றார். ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்க்கிற மாதிரி நான் வண்டிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் முடித்தார். திரும்ப வண்டி ஓட்ட வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஓடிய காலம் முழுக்கக் கண்ணாடி இரண்டும் இறங்கியேதான் இருந்தது. நான் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். ஜன்னலை ஏன் அப்படித் திறந்து போட்டீர்கள், தெரிந்துதான் செய்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். மூச்சு முட்டும், அவ்வளவுதான் என்றார்.

இப்போது நான் வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிறேன். யாராவது என் முகம் பார்க்காமல் நகர்ந்து உட்கார்ந்தால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த ஆளுடைய பெல்ட்டைப் பார்த்துவிடுகிறேன்.