கூலி குறைந்தாலும் செல்லம்மாதான்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஒரு சின்ன மண்டபம். பிளாஸ்டிக் கதிரைகள், கரகரக்கும் மைக், சுடச்சுட உளுந்து வடை.

திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலின ஈர்ப்பாளர்கள்... மலையகத்தில் இவர்களில் ஊருக்காக உழைத்த சிலரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்பாடெல்லாம் இளம் பிள்ளைகள்தான். ஒருவர் மஸ்கெலியாக்காரர். கிளினிக்குக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாராம். இன்னொருவர், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தன் வாடகை அறையிலேயே பாய் விரித்துக் கொடுத்தவர். கைதட்டிக் கைதட்டி எனக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது.

திடீரென்று, நிகழ்ச்சியை நடத்திய பிள்ளை மைக்கை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, உங்க காலத்துல எங்கள மாதிரி யாராவது இருந்தாங்களா?"

இருந்தாங்களாவா?

உங்களுக்குத்தான் தெரியுமே, மைக் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். நன்றியுரை சொல்ல வேண்டியவர் மேடை ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தடவத் தொடங்கியதும் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். டயகமப் பக்கம் எங்கள் தோட்டம். நான் பரீட்சை எழுதிவிட்டு, அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா பெயர் செபமாலை. வாய் அதிகம். கை அதைவிட வேகம்.

அன்றைக்குத் தோட்டத்தில் ஆண் வேலை, பெண் வேலை என்று தெளிவாகக் கோடு போட்டிருந்தார்கள். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டும் கவ்வாத்து ஆண்களுக்கு. கொழுந்து பெண்களுக்கு; ஆள் குறைந்தால்தான் ஆண்களும் எடுப்பார்கள். கூலியும் அப்படித்தான் — ஆணுக்குக் கூட, பெண்ணுக்குக் குறைவு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்வது மாதிரி அதுவும் ஒன்று என்று இருந்தோம்.

எங்கள் லயத்தின் வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில் இருந்தவர் செல்லக்கா. தோட்டத்துப் பதிவில் அவர் பெயர் செல்லையா. கவ்வாத்தில் கெட்டிக்காரர். முடியை நீளமாக வளர்த்து, துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். வீட்டுக்கு வந்ததும் சீலை கட்டிக்கொள்வார். எங்கள் லயத்துக்கு அது தெரியும். மற்ற லயங்களுக்கும் தெரியும். ரோட்டில் போனால் பின்னால் சிரிப்பார்கள், ஒரு கெட்ட வார்த்தையும் சொல்வார்கள். திருநங்கை என்ற நல்ல சொல் அப்போது எங்களிடம் இல்லை.

ஒரு நாள் காலை. பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கிறோம். பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து செல்லக்கா வருகிறார். மடித்துக் கட்டிய சீலை. இடுப்பில் படங்குச் சாக்கு. முதுகில் கொழுந்துக் கூடை.

எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"என்னடா செல்லையா, இப்பவே கூத்துக் கட்டிட்ட?" என்றார் கங்காணி.

"கூத்து இல்லீங்க. கொழுந்துக்கு வாறேன்."

கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். "ஆம்பளைங்க கொழுந்து எடுக்கிறது புதுசில்லையே. அந்தப் பக்கம் போய் நில்லு."

"இல்லீங்க ஐயா. நான் பொம்பளைங்களோடதான் போவேன். பேரையும் செல்லம்மான்னே எழுதுங்க. கடைசி எழுத்துத்தானே மாறுது?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே சிரிப்பு. கணக்கப்பிள்ளை புத்திசாலி. இவரை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியும்.

"எழுதலாம். ஆனா பொம்பளைன்னு எழுதினா பொம்பளைக் கூலிதான். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. எழுதுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

சம்பளத்தன்று காலில் வந்து விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கணக்கப்பிள்ளை எழுதிவிட்டார். எங்களோடு மலை ஏறும்போது அம்மா என் காதில் சொன்னாள்: "வெளையாட்டுக்கு யாராவது கூலியக் கொறைச்சுக்குவாங்களாடி? இது நெசந்தான்."

படித்தவர்கள் எத்தனையோ பேர் இதைப் பற்றி எழுதியதை அப்புறம் வாசித்திருக்கிறேன். அம்மாவின் அந்த ஒரு வரி போல எதுவும் எனக்கு விளங்கவில்லை.

அதற்காக, அன்றைக்கே எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று நினைக்காதீர்கள்! பெண்கள் ஒரு நிரை தள்ளித்தான் நின்றார்கள். முக்கியமான பிரச்சினை ஒன்று இருந்தது. மலையில் கக்கூஸ் ஏது? அவசரத்துக்கு உயரமாக வளர்ந்த மானாப்புல் மறைவுக்குத்தான் போக வேண்டும். "இந்த ஆள வச்சுக்கிட்டு நாங்க எப்படிப் போறது?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள்.

செல்லக்கா கோபப்படவில்லை. "நீங்க போறப்ப நான் பாதையில நிக்கிறேன். இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். வேற யாரையும் விடவும் மாட்டேன்" என்றார்.

வேற யாரையும் என்றால்? பெயர் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். பெண்கள் மறைவுக்குப் போனால் கங்காணிக்கு அந்தப் பக்கம்தான் ஏதாவது வேலை வரும். 'செடி பார்க்கிறேன்' என்பார். வருஷக்கணக்காக நடந்த விஷயம். குமரிப் பிள்ளைகள் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலை ஏறுவோம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரமே அவர் செடி பார்க்க வந்தார். செல்லக்கா பாதையின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வழிய விடுடா."

"பொம்பளைங்க போயிருக்காங்க கங்காணி. அப்பறம் வாங்க."

செல்லக்காவிடம் சீலை இருந்தது, வளையல் இருந்தது. குரல் மட்டும் பழைய குரல். எதிர் மலையில் கான், அதாவது வடிகால், வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. கங்காணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். நான் மறைவில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவளும் சிரித்து... அதை விடுங்கள்.

மறுநாள் முதல் நிரை இடைவெளி மறைந்துவிட்டது. மத்தியானம் ரொட்டிப் பொட்டலம் பிரிக்கும்போது செல்லக்காவுக்கு நாலு பக்கமிருந்தும் சம்பல் வரும்.

கங்காணி சும்மா இருப்பாரா? சில நாள் கழித்து, பெரட்டில் செல்லக்காவைப் பார்த்துச் சொன்னார்: "ஒனக்கு இனி வேலை இல்ல. வீட்டுக்குப் போ."

செல்லக்காவின் முகம் சின்னதாகிப்போனது. கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். தோட்டத்தில் வேலை இல்லை என்றால் காம்பராவும் இல்லை. போக்கிடம் இல்லாத ஆள்.

அம்மா தன் கூடையை இறக்கித் தரையில் வைத்தாள்.

அவ்வளவுதான். பேச்சு இல்லை, கோஷம் இல்லை. பக்கத்தில் நின்றவளும் இறக்கினாள். நானும் இறக்கினேன். பனியில் வரிசையாகக் கூடைகள். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, கொழுந்து முற்றிக்கொண்டே போகிறது, ஒருத்தியும் மலை ஏறவில்லை.

தோட்டத்தின் உதவி மேலாளர் சின்னத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "என்ன பிரச்சினை?"

"செல்லம்மா வந்தா நாங்க போறோம் தொரை" என்றாள் அம்மா. பிறகு கங்காணி செடி பார்த்த கதையையும் எடுத்துவிட்டாள். கணக்கப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. கங்காணி வானத்தைப் பார்த்தார்.

சின்னத் தொரை எங்களைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். "எல்லாரும் வேலைக்குப் போங்க. எல்லாரும்" என்றார்.

அந்த இரண்டாவது 'எல்லாரும்' செல்லக்காவுக்கு. கங்காணியைக் கான் வெட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே பார்க்கச் செடியே இல்லை!

கூலிப் பேச்சு சூடு பிடித்திருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனிலிருந்து தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் எங்கள் கோயில் வாசலுக்கு வந்தார். என்ன கேட்கலாம் என்று தொழிலாளர்களிடம் விசாரிக்க. வழக்கம்போல ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

பெண்களுக்கும் சமமாகக் கேட்டால் என்ன என்றார் அவர். உடனே கவ்வாத்துக்காரர் சின்னசாமி எழும்பினார்.

"கொழுந்து கிள்றது என்ன பெரிய வேலைங்களா? வெரல் வேலை. கவ்வாத்து வெட்டிப் பாக்கச் சொல்லுங்க, தெரியும்!"

பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நான் வெட்டியிருக்கேன் சின்னசாமி. ஒன் நிரைக்குப் பக்கத்து நிரையில. யாரு முந்தி முடிச்சது?"

கூட்டம் சிரித்தது. செல்லக்கா சிரிக்கவில்லை. முன்னால் நடந்து வந்தார்.

"கவ்வாத்து கஷ்டந்தான். இல்லேங்கல. ஆனா மத்தியானம் முடிஞ்சிரும். போய்க் கால நீட்டலாம். கொழுந்துக்கு வந்த நாள்ல இருந்து, தெனமும் அந்தி வரைக்கும் மலையிலதான் நிக்கிறேன். அட்டை, மழை, முதுகுல பாரம். ரெண்டையும் செஞ்சு ரெண்டு கூலியும் வாங்கினவ இங்க நான் ஒருத்திதான். அதான் கேக்கிறேன். வேலை கூடிருச்சு, கூலி ஏன் கொறஞ்சிச்சு? இது அதே கைதானே? சீலை கட்டுனதுக்கா கூலிய வெட்டுனீங்க?"

சின்னசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பொம்பளையே இல்லையே!"

அந்த வார்த்தை பட்டது. செல்லக்காவின் தாடை இறுகியதைப் பார்த்தேன். ஆனால் நிதானமாகத்தான் சொன்னார்:

"சரி, இல்லேன்னே வச்சுக்க. அப்ப எனக்கு ஆம்பளைக் கூலி வாங்கிக் குடு. பொம்பளதான்னா, இவங்களுக்கெல்லாம் ஏன் கொறவுன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணுக்குப் பதில் சொல்லிட்டு ஒக்காரு."

சின்னசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சங்கத்துக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். "இந்தத் தோட்டத்துல நம்ம சங்கத்துக்கு மாதர் தலைவி யாரு?" என்று கேட்டார்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றார் சங்கத்தின் எங்கள் தோட்டத் தலைவர்.

"ஏன் இல்ல? இருக்காங்க" — வேறு யார், அம்மாதான். "செல்லம்மா."

தலைவர் நெளிந்தார். "மாதர் தலைவின்னா... ஒரு பொம்பளையச் சொல்லும்மா."

"பொம்பளையத்தான் சொல்றோம் தலைவரே."

எங்கள் பக்கம் கைகள் எழும்பின. கொழுந்துக் கறை படிந்த கைகள், ஒன்றுகூடக் கீழே இல்லை. முன்வரிசை ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் மலை வரைக்கும் கேட்கிற குரல் இருந்த அந்த மனுஷி அன்றைக்குச் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் என்ன? மாதர் தலைவி செல்லம்மாவின் ஆட்சிதான்! தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் பால்மா குறைந்தால் ஆபீஸ் வாசலில் நிற்பார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் லொறி வரும்வரை கத்துவார். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் வாசலில் போய்ச் சும்மா இருமுவார் — உள்ளே அமைதியாகிவிடும். சின்னசாமியின் மகளே ஒரு நாள் புருஷன் அடிக்குத் தப்பி ஓடிவந்தது செல்லக்காவின் காம்பராவுக்குத்தான். மகளைக் கூட்டிப்போக வந்த சின்னசாமி வாசலில் நின்று, "செல்லம்மா..." என்று கூப்பிட்டார். அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு மலைநாடு முழுக்க வேலைநிறுத்தம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றானது. அது எத்தனையோ பேர் போராடி வாங்கியது. செல்லக்காவால் மட்டும் வந்தது என்று நான் சொன்னால் அவரே என் காதைத் திருகுவார். ஆனால் எங்கள் தோட்டத்து ஆட்களில் 'கூலி ஏன் குறைவு' என்று முதலில் வாய்விட்டுக் கேட்டவர் அவர்தான்.

அடுத்த மேதினத்துக்கு ஹட்டன் போனோம். பஸ்ஸில் நெரிசல். சிங்களக் கண்டக்டர் செல்லக்காவைப் பார்த்து, "அக்கே, இஸ்ஸரஹட்ட யன்ன" என்றார். அக்கா, முன்னுக்குப் போங்க என்கிறார். அவ்வளவுதான். அந்த மனுஷருக்கு அது நூறோடு நூற்றொன்று. செல்லக்கா ஹட்டன் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கூட்டத்தில் தோட்டத்துக்கு ஒருவராக மாதர் தலைவிகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் முறை வந்தது.

"செல்லையா!"

சங்கத்துப் பதிவில் பழைய பெயரே இருந்திருக்கிறது. செல்லக்கா எழும்பவில்லை. அந்தப் பெரிய கூட்டத்துக்கு நடுவில் மடியில் கையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு...

"செல்லையா வந்திருக்காரா?"

அம்மா எழும்புவதற்குள் முன்னாலிருந்து ஒரு ஆண் குரல். சின்னசாமி!

"அப்படி ஒரு ஆள் எங்க தோட்டத்துல இல்லீங்க! செல்லம்மாவக் கூப்பிடுங்க!"

எங்கள் தோட்டமே சேர்ந்து கத்தியது. மேடையில் இருந்தவர் குழம்பிப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக வாசித்தார்: "மாதர் தலைவி... செல்லம்மா அவர்கள்."

செல்லக்கா எழும்பினார். சீலையைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினார். மைக்கைக் கையில் வாங்கினார். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு?

"நான் செல்லம்மா. டயகமப் பக்கம். கொழுந்துக்காரி."

ஒருவரை எப்படிக் கௌரவிப்பது என்று பெரிய யோசனையெல்லாம் வேண்டாம் — முதலில் பெயரைச் சரியாகக் கூப்பிடுங்கள்!