யோகலிங்கத்தின் பின்னேர அமர்வு

வன்னி விவசாய உத்தியோகத்தர்களின் வருடாந்த மாநாட்டுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சலோடு உயிர் போய்விடும். காலையில் வந்தவுடன் பின்னேரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பார்சல் கைக்கு வந்ததும் ஒருவர் வீட்டில் மாடு கன்று போடும், இன்னொருவரின் மாமியாருக்குத் தலை சுற்றும். பின்னேரப் பேச்சாளர் கதிரைகளுக்கு விளங்கப்படுத்திவிட்டுப் போவார்.

இதைப் பொறுக்கமாட்டாதவர் தர்மபுரத்து மூத்த உத்தியோகத்தர் யோகலிங்கம். ஐந்து வருடமாக மாநாட்டை ஒழுங்கு செய்பவர். புது யோசனை ஒன்று கிடைத்தால் மனிசனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒரு வருடம் கேள்வி எழுதிப் போடப் பெட்டி வைத்தார். பதினேழு துண்டு விழுந்தது. பதினாறில் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றிருந்தது, மற்றதில் கோழியா மீனா என்று. அடுத்த வருடம் கதிரைகளை வட்டமாகப் போட்டார். முன்னுக்கு இருக்க ஒருவருக்கும் மனமில்லை. பக்கத்தில் இருப்பவரைவிட ஓரடி பின்னே என்று ஆளாளுக்குக் கதிரையை இழுக்க, வட்டம் பெருத்து, பத்து மணிக்குப் பாதிப்பேர் வாசலுக்கு வெளியே இருந்தார்கள்.

இந்த வருடம் புதிதாக வந்த பணிப்பாளர் அருந்ததி சுற்றி வளைக்காமல் சொன்னார்:

"யோகலிங்கம் சேர், பின்னேரம் பாதி மண்டபமாவது நிரம்பியிருக்கோணும். இல்லாட்டி அடுத்த வருசம் எல்லாரும் வீட்டில இருந்து போனில பாக்கட்டும்."

காடும் யானையுமாகத் தனியே வேலை செய்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது வருடத்தில் இந்த ஒரு நாள்தான். அதுவும் போகப்போகிறது என்பது யோகலிங்கத்துக்கு உண்மையாகவே நொந்தது.

யோசித்து யோசித்து, பின்னேர அமர்வுக்கு 'நாங்கள் விட்ட பிழைகள்' என்று தலைப்பு அச்சடித்தார். அரசாங்க உத்தியோகத்தரிடம் போய் அவர் விட்ட பிழையைக் கேட்ட முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

பார்சல் கொடுபட்டது. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் பையைத் தூக்கினார்கள். மேடைக்கு ஒருவரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் யோகலிங்கமே மைக்கைப் பிடித்தார்.

"ஒட்டுசுட்டானில யானையை மறிக்கத் தேனீப்பெட்டி கட்டச் சொன்னனான். யானை வரேல்லை. தேனுக்குக் கரடி வந்தது."

ஒட்டுசுட்டான் உத்தியோகத்தர் மீனம்மா வாசலிலிருந்து திரும்பினார்.

"சேர், முழுசாச் சொல்லுங்கோ. ஒண்டில்லை, ரெண்டு கரடி. கரடி மரமேறுமெண்டு தெரியாமல் நீங்கள் மரத்தில ஏறினதையும் சொல்லுங்கோ."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வெளியே போனவர்களும் என்ன புதினம் என்று திரும்பி வந்தார்கள். தன் பிழையைச் சொல்ல வாய் திறக்காத சனம், யோகலிங்கத்தின் பிழை என்றதும் வரிசையில் நின்றது.

"சூரியகாந்தி போடுங்கோ எண்டவர்," என்றார் ஸ்கந்தபுரத்து ராசு. "ஒரு விதை மிஞ்சேல்லை. கிளியள் இப்பவும் சேரைச் சுகம் விசாரிக்குதுகள்."

"தன்ர பழைய சேர்ட்டைப் போட்டு வயலுக்கு வெருளி கட்டினவர்," என்றார் இன்னொரு உத்தியோகத்தர் சுமித்திரா. "குருவி பயப்பிடேல்லை. சனம்தான் ஒரு கிழமையா அதிட்டப் போய் உரமானியம் கேட்டது."

யோகலிங்கத்துக்குக் காது சுட்டது. முப்பது வருட உத்தியோகத்தில் அவர் சொன்ன நல்லதொன்றும் இவர்களுக்கு ஞாபகமில்லை; பிழைகளை மட்டும் திகதியோடு வைத்திருந்தார்கள். ஆனாலும் கதிரைகளை எண்ணினார். ஒன்றும் வெறுமையாக இல்லை. சிலர் குறிப்புக்கூட எடுத்தார்கள்.

மூன்றரைக்கு, சிரிப்பு ஓய்ந்த நேரம், மீனம்மா மறுபடி எழுந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"தேனீப்பெட்டியை வீட்டுப்பக்க வேலியில கட்டத்தான் சேர் சொன்னவர். காட்டோரமாக் கட்டுவிச்சது நான். ஆறு வருசமாப் பழியை அவரிலேயே போட்டிட்டு இருந்திட்டன்."

அது யோகலிங்கத்துக்கு அன்றைக்கே தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை.

ராசு தலையைச் சொறிந்துகொண்டு எழும்பினார். "சூரியகாந்தியை மூடச் சேர் வலை தந்தவர். நான்தான் அதைக் கொண்டுபோய் எங்கட கோழிக்கூட்டுக்கு அடிச்சனான்."

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக எழும்பத் தொடங்கினார்கள். ஒட்டுசுட்டான் பஸ் போனதைக்கூட மீனம்மா கவனிக்கவில்லை. ஐந்து மணிக்கு அருந்ததி எழுந்து, அடுத்த வருடமும் இதே மண்டபம்தான் என்றார். யோகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது; கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சமாளித்தார்.

"ஆனால் சேர்," என்றார் மீனம்மா, "உங்கட பிழையெல்லாம் இண்டைக்கே முடிஞ்சுது. அடுத்த வருசத்துக்கு என்ன செய்யிறது?"

"பயப்பிடாதேங்கோ," என்றார் யோகலிங்கம். "வயலுக்கு வாற மயிலைக் கலைக்க ஒரு யோசனை வைச்சிருக்கிறன்."