மில் வாசலில் காத்திருந்த ஜிம்மி

அறுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். கல் தூசி நெஞ்சில் ஏறி, நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் நிலைமைக்கு வந்த பிறகுதான் ரிட்டயர் ஆனார். வேலை முடிந்தால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பெங்களூரில் வேலையிலிருந்த அண்ணன், எல்லாரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று வீடு தேட ஆரம்பித்தான்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஜிம்மி வர்றதா இருந்தா நானும் வர்றேன். இல்லாங்காட்டி நீங்க போங்க. நான் இங்கியே எங்கனா கெடக்குறேன்."

ஜிம்மி எங்கள் நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். சாதி நாயெல்லாம் இல்லை. எங்கிருந்தோ லைனுக்குள் வந்த குட்டி, அப்பா சோறு வைத்தார், தங்கிவிட்டது. அண்ணன் பாவம், வீடு வீடாக ஏறி இறங்கினான். நாய் என்றதுமே பலர் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் ஒருவர், கறி மீன் சமைக்கலாம், நாயும் இருக்கலாம், ராத்திரியில் மட்டும் குரைக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். அதை ஜிம்மியிடம் யார் போய்ச் சொல்வது என்று அம்மா கேட்டாள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அங்கே எல்லாம் சங்கு வைத்துத்தான் நடக்கும். ஷிஃப்ட் தொடங்கவும் முடியவும் சுரங்கத்தில் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் உலை வைப்போம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவோம். உள்ளே இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன் உண்டு. மேலே வந்து அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் பத்திரமாக வந்துவிட்டான் என்று அர்த்தம். அதனால் சங்கு ஊதியதும் அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போய் டோக்கனைத் தேடும். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஜிம்மிக்கும் அதே பழக்கம்தான். எங்கே படுத்திருந்தாலும் சங்குச் சத்தம் கேட்டால் எழுந்து சுரங்கத்து கேட்டுக்கு ஓடிவிடும். வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அப்பாவைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

கிளம்பிய அன்று பங்காருப்பேட்டை வரை ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் ஊர் ரயிலில் நாயை யாரும் கேட்க மாட்டார்கள். பெஞ்சுக்கு அடியில் ஜிம்மி படுத்துக்கொண்டு, மேலே உட்கார்ந்திருந்தவர்கள் போட்ட வடையைத் தின்றுகொண்டே வந்தது. எல்லா ரயிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். பங்காருப்பேட்டையில் பெங்களூர் வண்டிக்கு மாறும்போதுதான், நாய்க்கு டிக்கெட் எடுக்க வேண்டும், ரயில்வே கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள கூண்டில்தான் ஏற்ற வேண்டும், சங்கிலி எங்கே என்று கேட்டார்கள்.

"சங்கிலி இன்னாத்துக்கு? அது இன்னா, திருடிட்டா ஓடுது?" என்று அப்பா சண்டைக்கு நின்றார். அம்மாதான் அவரை அடக்கினாள். ஒரு போர்ட்டர் தன்னிடமிருந்த கயிற்றைக் கொடுத்தார். டிக்கெட் எடுத்து, கயிற்றைக் கட்டி, ஊளையிட ஊளையிட ஜிம்மியைக் கூண்டில் ஏற்றினோம். வழியில் வண்டி நின்ற ஸ்டேஷனிலெல்லாம் அப்பா இறங்கி, இரைத்துக்கொண்டே கார்டு பெட்டி வரை நடந்து போய், "தோ, வந்துட்டோம்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் மத்தியானத்தில் இறங்கினோம். அண்ணனுக்கு டூட்டி. விலாசம் எங்களிடம் இருந்தது. வெளியே வந்து குதிரை ஜட்காவுக்கு வாடகை பேசிக்கொண்டிருந்தோம். அம்மா பானை சட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா கையில் ஜிம்மியின் கயிறு. அந்த நேரம் பார்த்து எங்கேயோ சங்கு ஊதியது. எங்கள் ஊர்ச் சங்கு மாதிரியே நீளமான ஊதல்.

அப்பாவின் கை கயிற்றை விட்டுவிட்டு இடுப்புக்குப் போனது. ஜிம்மி ஓடியது. இரண்டும் ஒரே நொடியில் நடந்தன. அப்பா டோக்கனைத் தேடி முடித்து, தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து குனிந்து பார்க்கும்போது நாய் கூட்டத்தில் மறைந்துவிட்டது.

ஸ்டேஷனைச் சுற்றித் தேடினோம். தண்டவாளத்துப் பக்கம் பார்த்தேன், கறிக்கடைகளைப் பார்த்தேன், ஓட்டல் குப்பைத் தொட்டிகளைக்கூட விடவில்லை. நின்றிருந்த பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடியில் குனிந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது அப்பா சுருட்டி வைத்த படுக்கையின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அடுத்த வண்டிக்கு நான் ஊருக்குப் போறேன். அது நடந்தே அங்க வந்துடும்" என்றார்.

வராது என்று அவருக்கும் தெரியும். அங்கே இனிமேல் வீடும் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

அம்மாதான் கேட்டாள். "சங்கு ஊதினா அது எங்க போவும்? கறிக்கடைக்கா போவும்?"

மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம், அதுவரை ஒருவருக்கும் தோன்றவே இல்லை. அம்மாவைச் சாமான்களோடு விட்டுவிட்டு, அப்பாவும் நானும் ஜட்காவில் ஏறினோம். சங்கு ஊதுகிற இடத்துக்குப் போங்க என்று அப்பா சொன்னதும் வண்டிக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு துணி மில்லுக்கு ஓட்டினார்.

மில் வாசல் காலியாக இருந்தது. ஷிஃப்ட் விட்டு எல்லாரும் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வாச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மதில் ஓரத்து மர நிழலில் ஒரு அம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும், தலையிலும் புடவையிலும் பஞ்சு ஒட்டியிருக்க, தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. இன்னொரு கை மணிக்கட்டில் எங்கள் போர்ட்டர் கொடுத்த கயிறு. பக்கத்தில் ஜிம்மி. எங்களைப் பார்க்கவில்லை. மூடின கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவால் கூப்பிட முடியவில்லை, மூச்சு அடைத்தது. நான்தான் கத்தினேன். ஜிம்மி திரும்பியதும் கயிற்றோடு அந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் மேல் ஏறியது. அப்பா அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை.

வாச்மேன் சொன்னார்: ஆட்கள் வெளியே வரும்போது நாய் ஒவ்வொருவர் கிட்டேயும் போய் நின்று பார்த்திருக்கிறது. யாரோ வெறிநாய் என்று கல்லெடுத்திருக்கிறார்கள். நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கும் இந்த அம்மா குறுக்கே போய் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், வீட்டுக்கே போகவில்லை.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ நேரம்? வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று அப்பா கேட்டார்.

கன்னடம் கலந்த தமிழில் அந்த அம்மா சொன்னார்: "நோடி அண்ணா, பாருங்க, வர்றவங்க மூஞ்சியெல்லாம் பார்த்துச்சு. எல்லாரும் போயாச்சு. அப்புறமும் பார்த்துட்டே இருந்துச்சு. நான் எப்படிப் போறது, சொல்லுங்க?"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு, டப்பாவில் மிச்சமிருந்த களியை ஜிம்மியின் முன்னால் உருட்டி வைத்தார். அதற்கு முன் வைத்தபோது ஜிம்மி தொடவே இல்லையாம். இப்போது ஒரே வாயில் விழுங்கியது. அவர் சிரித்துவிட்டு, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, வேகவேகமாக நடந்து போய்விட்டார்.

திரும்பும்போது ஜட்காவில் ஜிம்மி அப்பாவின் காலடியில் படுத்திருந்தது. அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த ஊருல இருக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் பேச்சே அவர் வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் அம்மா அதிரசம் சுட்டுக் கொடுத்தாள். அப்பாவும் நானும் ஜிம்மியும் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு மில் வாசலுக்குப் போனோம். அத்தனை பேர் கும்பலாக வரும்போது எங்களுக்கு அந்த அம்மாவின் முகம் பிடிபடவில்லை. ஜிம்மிதான் நேராகப் போய் அவர் முன்னால் நின்றது.

இப்போது என் பேத்தி நாயோடு ஊர் சுற்றுகிறாள். நாயைச் சேர்த்துக்கொள்கிற ஊர் எது, ஓட்டல் எது என்று போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். நல்ல விஷயம்தான். எங்களுக்கு அப்படித் தேடிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய ஊர் எங்களைச் சேர்த்துக்கொள்ள, களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிய ஒரே ஒரு மனுஷி போதுமாயிருந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாராவது தனியாக வழி பார்த்துக்கொண்டிருந்தால், எனக்கு எவ்வளவு அவசரமானாலும் எழுந்து போக மனசு வருவதில்லை. அவர்கள் எதிர்பார்க்கிற ஆள் வந்து சேரும் வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.