அழித்துவிட்ட ஆர்கன்

கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்கும்போது ஆர்கன் ஒலி தரும் ப்ளக்-இன் என்ற துணை மென்பொருள் ஒன்றை முத்தையாபுரத்தில் என் வீட்டிலிருந்தே எழுதி விற்கிறேன். புது வடிவம் வந்ததும் பழையதை இணையதளத்திலிருந்து அழித்துவிட்டேன். ஆலந்தலைக் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவர் போனில் பழையதையே கேட்டார்.

"பழைய கம்ப்யூட்டர்ல புதுசு ஓடலையா? புது கம்ப்யூட்டர் வாங்குங்க" என்றேன் எரிச்சலாக.

"வாங்கியாச்சு அண்ணாச்சி. பழசை உப்புக்காத்து அரிச்சிட்டுது."

பிறகு பழைய ப்ளக்-இன் எதற்கு? புரியாமல் ஆலந்தலைக்கு பஸ் ஏறினேன். பழைய ப்ளக்-இன்னில் எப்போதோ அமைத்த திருவிழாப் பாட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். குரல்கள் கேட்டன, ஆர்கன் வரவேண்டிய இடமெல்லாம் மௌனம். பழையதில் அமைத்த பாட்டைத் திறக்கும்படி புதியதை நான் எழுதவில்லை.

"ஞாயித்துக்கெழம கொடியேத்தம். பழசு ஒரு தடவை ஓடுனாப் போதும், ஆர்கனைத் தனியாப் பதிஞ்சுக்கிடுவேன். பொறவு உங்க புதுசுதான்."

என் லேப்டாப்பில் இருந்த பழையதை அங்கேயே ஏற்றிக் கொடுத்தேன். அவர்தான் பழையதை விட மாட்டேன் என்கிறார் என்று நினைத்திருந்தேன். விட முடியாமல் செய்து வைத்திருந்தது நான்.