அண்ணனுக்குக் காசம் இல்லை

இரும்பிலிருந்து பழைய பெயிண்டை உரிக்கிற வேலை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. கொழுந்து பறிக்கப் போகமாட்டேன் என்று வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அதைவிட அழுக்கான வேலை வந்து வாய்த்தால் எப்படிப் பிடிக்கும்? அண்ணன்தான் கூப்பிட்டான். தொண்ணூறுகளின் நடுவில், ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகிற ரோட்டோரமாக, ஒரு லொறி கராஜின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து, தகரக் கூரை இறக்கிப் பெயிண்ட் கடை போட்டிருந்தான். "அடிக்கிறதுக்கு நான் இருக்கேன். உரிக்கிறதுக்குத்தான் பொறுமையான ஆளு வேணும்" என்றான். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அது தெரிந்துதான் கூப்பிட்டான். வீட்டிலிருந்தால் அம்மாவோடு மல்லுக்கு நிற்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

கடைக்கு எல்லாம் வரும். கேட், ஜன்னல் கம்பி, லொறி ரிம், தேயிலை அரைக்கிற ஸ்டோர்களிலிருந்து விசிறி இறக்கைகள். சின்னச் சாமான்களைக் கோஸ்டிக் சோடா கரைத்த பீப்பாயில் நான் ஊறப்போடுவேன். பெயிண்ட் தோல் தோலாகச் சுருண்டு எழும்பும். சுரண்டியால் வழித்து, கம்பி பிரஷால் தேய்த்து, அலசித் துடைத்து வைக்க வேண்டும். பச்சைக்கு அடியில் மஞ்சள் வரும், மஞ்சளுக்கு அடியில் சாம்பல் வரும். ஒருத்தன்கூடப் பழையதை உரித்துவிட்டுப் புதியதைப் பூசியிருக்கமாட்டான். அவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் சுரண்டுவேன். "வெங்காயம் உரிக்கிறவகூட இவ்வளவு பேசமாட்டா" என்பான் அண்ணன்.

பீப்பாயில் அடங்காத பெரிய சாமான்களுக்கு அவன் மணல் அடிப்பான். கம்பிரசர் காற்றோடு மணலைச் சேர்த்து ஒரு குழாய் வழியாக இரும்பின்மேல் பீச்சினால் பெயிண்டும் துருவும் ஒன்றாகக் கழன்றுவிடும். ஆனால் மழையும் மூட்டமுமாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் மணல் காய்வதே இல்லை. ஈர மணல் குழாயை அடைத்துக்கொள்ளும். அது பட்ட இரும்பும் மறுநாளே துரு பிடிக்கும். அதனால் நெடுக்காக வெட்டிய பீப்பாயில் ஆற்று மணலைக் கொட்டி, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சிகளை எரித்து, மாவு வறுக்கிற மாதிரி வறுப்போம். வறுபட்ட மணலில் வேலை பிரமாதமாக நடக்கும். தூசியும் பிரமாதமாகப் பறக்கும்.

பிளாஸ்டிக் தாளால் நாலு பக்கமும் மறைத்த ஒரு கூண்டுக்குள், மூக்கைச் சுற்றி லேஞ்சித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு அவன் நிற்பான். வெளியே வரும்போது தலைமுடி, மீசை, இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். "வாங்க தாத்தா, ஒக்காருங்க" என்பேன். உட்கார்ந்து ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் சாப்பிடுவான். உள்ளே போன தூசியைப் பழம் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும் என்பது ரோட்டிலிருந்த கராஜ்காரர்கள் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. கடைக்கு வரும்போது பழம் வாங்கி வருவது என் பொறுப்பு. ஒருநாளும் மறந்ததில்லை.

பெயிண்ட் அடிக்கும்போது சாமானைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டுத்தான் அடிப்பான். கொக்கி பிடித்த இடத்தில் மட்டும் பெயிண்ட் ஏறாமல் ஒரு புள்ளி வெறுமையாக நிற்கும். காய்ந்த பிறகு மோதிர விரலைப் பெயிண்டில் தொட்டு அந்த இடத்தில் ஒற்றி எடுப்பது என் வேலை. பிரஷ் வைத்தால் கோடு தெரியும் என்று விரலால்தான் வைக்கச் சொல்வான். அதனால் எங்கள் கடையிலிருந்து போன ஒவ்வொரு இரும்பிலும், யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில், என் விரல் அடையாளம் ஒன்று இருக்கும்.

ஒரு கார்த்திகை மாத மழையில் அவனுக்கு இருமல் வந்தது. மழை நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை. முதலில் சளி என்றான். பிறகு மிலாறுப் புகை என்றான். அதற்கும் பிறகு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வரும்போது இருமாமல் இருக்கப் பழகிக்கொண்டான். வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டில் நின்று இருமல் முழுவதையும் இருமித் தீர்த்துவிட்டுத்தான் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கால் வைப்பான். உள்ளே வந்தால் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான். அம்மா ரொட்டி தட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

அவன் ஏன் மறைத்தான் என்று எனக்குக் கேட்காமலே தெரியும். நாங்கள் சிறியவர்களாக இருந்தபோது அப்பாவுக்குக் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ஒழுங்காகப் போட்டார், குணமாகிவிட்டது. மறுபடியும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, முன்புபோலவே மலைக்கு வேலைக்குப் போனார். உடம்பை விட்டு நோய் போய்விட்டது, லயத்தை விட்டுப் போகவில்லை. எங்கள் காம்பராவுக்கு வருகிறவர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார்கள். தேத்தண்ணி கொடுத்தால், "இப்பத்தான் குடிச்சோம்" என்பார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை மட்டும் உள்ளே வருவாள், ஆனால் தன் தம்ளரைக் கையோடு கொண்டுவருவாள். திருவிழாச் சாப்பாட்டில் எங்களைக் கடைசியாக உட்காரவைப்பார்கள். எத்தனையோ வருஷம் கழித்து அப்பா நெஞ்சுவலியில் செத்தார். அப்போதும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் தம்ளரைத் தொடவில்லை. ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. அதைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டினவள் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே இருமல் என்றாலே எங்களுக்குக் குலை நடுங்கும். நோய்க்குப் பயந்து இல்லை, தம்ளருக்குப் பயந்து. அப்போது எனக்குக் கொட்டகலைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போயி அவங்க எதையாச்சும் சொல்லிப்புட்டா, ஒன் கல்யாணம் என்னா ஆகும்? கொஞ்சநாளு பொறு புள்ள" என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீ செத்துப்போனா மட்டும் கல்யாணம் நடக்குமா?" என்று கேட்டேன். கடைசியில் அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் தட்டிப்போனது. அது தட்டிப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். முடிவு கேட்கப் போன அன்று அம்மாவும் வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்தாள். சிங்கள டொக்டர், நல்ல மனுஷர். எங்களுக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். காசம் இல்லை. நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது. இந்த வேலையை விடவேண்டும். மறுபடியும் வந்து காட்டவேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் சிங்களம் தெரியும், எல்லாம் விளங்கியது. ஆனால் அவர் சொன்ன முதல் சொல்லிலேயே எங்கள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் ஆகிவிட்டது. மிச்சத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூசிதானே, அது குளித்தால் போகிற சாமான்.

அம்மா அங்கேயே சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேங்காய் வாங்கி, மாரியம்மன் கோயிலில் உடைத்தாள். சீனியும் பாலும் வாங்கிப் பாயசம் வைத்து லயத்துக்கே கொடுத்தாள். "எம் புள்ளைக்கு ஒண்ணுமில்லயாம். காசமெல்லாம் இல்லயாம்" என்று காம்பரா காம்பராவாகச் சொல்லிக்கொண்டு போனாள். அதுவரை அவனுக்கு இருமல் இருந்ததே லயத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்துக் காம்பரா அத்தை எங்கள் கிண்ணத்திலேயே பாயசம் குடித்தாள். அதைப் பார்த்து அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

பயம் தெளிந்த மனுஷன் எப்படி வேலை செய்வான் என்று அதன்பிறகு பார்த்தேன். வந்த வேலை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காசம் இல்லாதவனை எதற்குத் தடுப்பது? அந்தச் சமயத்தில்தான், ஆஸ்பத்திரியில் துருப்பிடித்துப்போன இரும்புக் கட்டில்களை உரித்துப் பெயிண்ட் அடிக்க எங்களிடம் கொண்டுவந்து இறக்கினார்கள். பூச்சுக்கு மேல் பூச்சாக அவ்வளவு தடிப்பான பெயிண்டை அதுவரை நான் கண்டதில்லை. வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் என்ன நிறமென்றே சொல்லமுடியாத ஒன்று. கோஸ்டிக் அதில் ஏறவில்லை, எல்லாவற்றுக்கும் மணல்தான் அடித்தான். நான் மணல் வறுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கூண்டுக்குள்ளிருந்து இருமுகிற சத்தம் கேட்கும், பிறகு குழாய்ச் சத்தம் கேட்கும். கட்டில்கள் வெளேரென்று திரும்பிப் போயின. தலைமாட்டுச் சட்டங்களின் அடிப்பக்கத்தில் எல்லாம் என் மோதிர விரல் பட்டிருந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் லயத்துப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். இருமலைத் தீர்ப்பதற்காக இல்லை, மூச்சு வரவில்லை. நகம் நீலம் பாரித்திருந்தது. நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்கவைத்த கட்டில் நாங்கள் பெயிண்ட் அடித்த கட்டில்.

மூக்கில் காற்றுக் குழாயோடு கிடந்தவன், கொஞ்சம் தெளிந்ததும் கையைத் தலைக்குமேல் கொண்டுபோய்ச் சட்டத்தின் அடியைத் தடவினான். என்ன தேடுகிறான் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விரலால் ஓரிடத்தைத் தொட்டு நிறுத்திவிட்டு, "இங்கதான் வச்சிருக்க. கொஞ்சம் தடிப்பாயிருச்சு" என்றான். குறை சொல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது. நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வெளியே போய் அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் நானுஓயாப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். வரும்போது அவரும் எலும்பும் தோலுமாகத்தான் வந்தார். அவருக்குக் காசம் என்று தெரிந்ததும் அம்மா எங்கள் சுடுதண்ணிப் போத்தலை எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். நாலு பேர் எங்களுக்குச் செய்ததைத்தான் அவளும் செய்தாள். அந்த ஆளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சோறு கேட்டார். பிறகு ஒருநாள் பெண்சாதி பிள்ளைகள் வந்து, சட்டை மாற்றிவிட்டு, மாத்திரைப் பொதியோடு கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் வாசலைத் தாண்டும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அதா இருந்திருக்கலாம்ல, புள்ள" என்றான்.

அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். டொக்டர் வந்தபோது அவர் முன்னால் போய் நின்றாள். முன்பு பார்த்தவர் இல்லை, இவர் யாழ்ப்பாணத்துப் பொடியன், அண்ணன் வயதுதான் இருக்கும்.

"இவங்கப்பாவுக்கும் காசம் இருந்துச்சுங்க. இவனுக்கும் அதாத்தான் இருக்கும். இன்னொருக்கா நல்லாப் பாருங்கய்யா. காசமாத்தான் இருக்கும்" என்றாள்.

கோயிலில் தேங்காய் உடைத்த அதே கையால் அவரைக் கும்பிட்டுக்கொண்டு கேட்டாள். அந்தப் பொடியன் காதிலிருந்த குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "அம்மா, காசமெண்டால் நான் குளிசை தந்து சுகப்படுத்தியிருப்பன். இது அது இல்லை. இதுக்கு எங்களிட்ட மருந்தில்லை" என்றார். அம்மா கையை இறக்கவில்லை. நான்தான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

மழை விடுவதற்கு முன்பே அண்ணன் போய்விட்டான்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அத்தை தன் காம்பராவில் தேத்தண்ணி போட்டாள். தம்ளர் போதவில்லை என்று எங்கள் காம்பராவுக்குள் வந்து, அடுக்கிலிருந்த எங்கள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். வந்தவர்கள் எல்லோரும் கூச்சப்படாமல் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். காசம் இல்லாத பிள்ளை செத்த வீடு அல்லவா? அதற்காகத்தான் அவன் படிக்கட்டில் நின்று இருமினான். கடைசியில் எல்லாத் தம்ளர்களையும் தண்ணீர் விழுகிற பீலிக்குக் கொண்டுபோய் நான் கழுவி வைத்தேன். ஒன்றிலும் ஒரு சொட்டு மிச்சம் இல்லை.