கைலி கட்டிய ஏசி

இந்தப் பத்திக்கு மேலே என் படம் இருக்கிறது அல்லவா? அதில் தலைமுடியும் இருக்கிறது. நம்பாதீர்கள். போன செவ்வாய்க்கிழமை வரைதான் அது உண்மை.

திருத்தணி மலை மேல், முடி இறக்கும் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டே அந்த மனிதர் கேட்டார்: "இன்னா வேண்டுதல் சார்? பொண்ணு கல்யாணமா? வீடு கட்றீங்களா?"

"ஏசி" என்றேன்.

கத்தியை எடுத்த கை நின்றது. "ஏசி வாங்கறதுக்கா மொட்டை?"

"இங்க இல்லப்பா. ஜெர்மனில."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையில் கத்தி வைத்திருப்பவர், கிறுக்கனிடம் பேச்சை வளர்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

என் மகள் வித்யா ஸ்டுட்கார்ட் நகரத்தில் இருக்கிறாள். ஏழு மாத கர்ப்பிணி. நாலாவது மாடி, அதற்கு மேல் ஓட்டுக்கூரை. அந்த ஊர் வீடுகள் எல்லாம் குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியவை. இப்போது கோடை வந்தால் அதே சுவர்கள் வெயிலை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கின்றன. ஐரோப்பாவில் ஏசி விற்பனை வேகமாக வளர்கிறது என்று பேப்பரில் படித்தபோது, 'பாவம், இப்பதான் நம்ம லைனுக்கு வர்றாங்க' என்று சிரித்தவன் நான்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் அவள் போன் வந்தது. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஏசியை இருபதில் வைத்து, குளிர் தாங்காமல் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

"நைனா, படுத்தா மூச்சு முட்டுது. தூங்கி நாலு நாளாச்சு. கால் வேற வீங்கிகினே போவுது. ரூமைக் குளிர்ச்சியா வச்சிக்கோன்னு டாக்டரம்மா சொல்ட்டாங்க. எப்படி வச்சிக்கிறது? நீயே சொல்லு..."

கம்பளியோடு எழுந்தேன். கால் தடுக்கி, ரிமோட் கட்டிலுக்கு அடியில் போய், நான் பால்கனியில் போய் நின்றேன். எதிரே திருத்தணி மலை. 'முருகா, என் பொண்ணு ரூம் குளிரட்டும். மொட்டை போட்டுக்கறேன்!'

பத்து வினாடிதான் ஆகியிருக்கும். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி. சமையலறையில் இருந்த என் மனைவி சரஸ்வதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுளுக்கு அடுத்தபடியாக முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவில் பாதி ஏசி அவர் மாட்டியதுதான். பத்தே நிமிடத்தில் வந்து, வீடியோ காலில் வித்யாவின் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நல்ல செவுரு! ஒரு ஓட்டை, ரெண்டு பிராக்கெட், காப்பர் பைப்பு. வெளியூனிட்டைத் தொங்கவுட்டா ரெண்டு மணி நேர வேலை."

"ஓட்டையா?" வித்யா அலறினாள். "அண்ணா, இது வாடகை வீடு. வெளிச்சுவரு இந்த பில்டிங்ல இருக்கற எல்லா ஓனருக்கும் பொது. எல்லாரும் மீட்டிங்ல ஒத்துக்கணும். சத்தம் அக்கம்பக்கத்துக்குப் போகக் கூடாது. பைப்புல கை வைக்கறவங்க, கேஸ் ஏத்தறவங்க சர்டிபிகேட் வச்சிருக்கணும். எந்த கேஸுன்னு வேற கேப்பாங்க. பழைய கேஸெல்லாம் பூமியைச் சூடாக்குதுன்னு கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திகினு வர்றாங்க."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். அவ்வளவு வருத்தமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"கேஸ் ஏத்த சர்டிபிகேட்டா? பல்லுல டார்ச்சைக் கடிச்சிகினு, மூணாவது மாடி சன்ஷேடுல ஒத்தக் கால்ல நின்னுகினு ஏத்தனவன் சார் நானு!"

"அதுக்குதான் அண்ணா சர்டிபிகேட்டு" என்றாள் வித்யா.

சரி, அனுமதிதானே? அது நம்ம ஏரியா! தாலுக்கா ஆபீசில் இருபத்தைந்து வருடமாக நாற்காலி தேய்ப்பவன் நான். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. 'தாங்கள் பெரிய மனது வைத்து' என்று முடித்தேன். மாப்பிள்ளை கார்த்தி அதை ஜெர்மனில் மாற்றி வீட்டு ஓனருக்கு அனுப்பினார். 'பெரிய மனது' என்பதை எப்படி மொழிபெயர்த்தார் என்று இன்று வரை சொல்லவில்லை.

மறுநாளே பதில். மிகவும் மரியாதையான பதில். கூடவே ஏழு கேள்விகள். எந்த மெஷின்? எவ்வளவு சத்தம்? எந்த கேஸ்? மாட்டுபவரின் சர்டிபிகேட் நகல் எங்கே? கீழ்வீட்டாரின் சம்மதம் எங்கே? சுவரின் வரைபடம் எங்கே? தண்ணீர் எங்கே போகும்? கடைசியாக ஒரு வரி - இணைப்புகள் இல்லாததால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை.

அய்யா... அது என் வரி! எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஆர்.கே.பேட்டை பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்பவரிடம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "இணைப்பு இல்லியே" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! அது ஐரோப்பா சுற்றி என் வீட்டுக்கே திரும்பி வரும் என்று யார் கண்டது?

"நல்லா வேணும்" என்றாள் சரஸ்வதி. அவள் அண்ணனுக்கே ஒரு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

எல்லா இணைப்பும் கொடுத்தாலும், ஓனர்கள் கூடும் அடுத்த மீட்டிங் வசந்த காலத்தில்தானாம். குழந்தை பிறப்பது செப்டம்பரில். அதுவே தவழ்ந்து போய் மீட்டிங்கில் கைதூக்கி ஓட்டுப் போட்டுவிட்டு வரும்.

அப்போதுதான் கார்த்தி உருப்படியாக ஒரு காரியம் செய்தார். தரையில் உருட்டி வைக்கிற ஏசி ஒன்று உண்டு. வெளியூனிட் கிடையாது, சுவரில் ஓட்டை கிடையாது, எனவே மீட்டிங்கும் கிடையாது. சூட்டை ஒரு பருத்த ஹோஸ் வழியாக சன்னலுக்கு வெளியே தள்ளிவிடும். ஊரே அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்க் கடையில் கடைசியாக இருந்த ஒன்றைப் பிடித்து, ரயிலில் உருட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

ஆனால் ஹோஸைச் சுற்றி சன்னல் இடைவெளியை அடைக்க ஒரு துணி உறை விற்பார்கள். அது எங்கேயும் இல்லை. ஸ்டாக் வர ஐந்து வாரம் ஆகுமாம். விளைவு? முன்பக்கம் குளிர்காற்று வருகிறது. பின்பக்கம் தள்ளிய சூடு சன்னல் வழியாகவே திரும்பி வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அட்டைப்பெட்டியை வெட்டி வைத்தார்கள். காற்றில் விழுந்தது. தலையணை வைத்தார்கள். அது கீழே போய்த் தெருவில் விழுந்தது.

வித்யா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பால்கனிக்குப் போய் வேண்டுதலை உயர்த்தலாமா என்று யோசித்தேன். ஆனால் உயர்த்த என்ன இருக்கிறது? தலை ஒன்றுதானே!

மறுபடியும் முனிரத்தினம். மறுபடியும் வீடியோ கால். இந்த முறை அவர் ஏசியைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பின்னால் நாற்காலியில் கிடந்ததைப் பார்த்தார்.

"மாப்ள சார், அந்த கைலி... எங்க ஊருதானே?"

மாப்பிள்ளைக்குக் கிளம்பும்போது நான் வாங்கிக் கொடுத்த ஆறு கைலிகளில் ஒன்று. முனிரத்தினம் ஆர்.கே.பேட்டைக்காரர். அவர் அண்ணன் வீட்டில் நாலு பவர்லூம் ஓடுகிறது.

"எங்க அண்ணன் தறியில ஓட்டனது சார் அது! கட்டத்தைப் பாத்தாலே தெரியுது. மூட்டினதா, மூட்டாததா?"

"மூட்டினதுதாங்க" என்றார் கார்த்தி.

"அப்புறம் இன்னா? ரெண்டு பக்கமும் வாய் தொறந்த பைதானே கைலி! ரெண்டு கைலியை ஒண்ணுக்குள்ள ஒண்ணு வுடு. மேல் வாயை சன்னல் சட்டத்தைச் சுத்தி ஒட்டு, ஆணி வாணாம். கீழ் வாயை ஹோஸ் மேல இறுக்கிக் கட்டு. இடுப்புல கட்ற மாதிரி கட்டிடப் போறீங்க மாப்ள, அவுந்துடும். கயிறு போடுங்க!"

சின்ன சன்னல். அளவெடுத்துத் தைத்த மாதிரி கைலி அதன் மேல் உட்கார்ந்தது. ஒட்டிப் பிரிக்கிற டேப்பை வைத்து கார்த்தி சுற்றி ஒட்டினார். சன்னல் சட்டத்தில் ஒரு கீறல் கிடையாது. ஏசியைப் போட்டதும், நீலமும் பச்சையும் கட்டம் போட்ட அந்தக் கைலி வெளிப்பக்கம் உப்பி நின்றது பாருங்கள்... ஹோட்டல் சாப்பாடு முடித்து எழுந்த பெரியப்பா மாதிரி!

ஒரு மணி நேரம் கழித்துக் கார்த்தி போனைத் திருப்பிக் காட்டினார். எங்களுக்கு சாயங்காலம் ஐந்தரை, அவர்களுக்கு மதியம் இரண்டு. வித்யா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குறட்டை. நானும் சரஸ்வதியும் முனிரத்தினமும் உட்கார்ந்து, ஆளுக்கொரு டீயோடு, பதினைந்து நிமிடம் அந்தக் குறட்டையைக் கேட்டோம். அவ்வளவு நல்ல கச்சேரி எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்றாம் நாள் வித்யாவிடமிருந்து மெசேஜ்: 'நைனா, கீழ்வீட்டம்மா தெருவுல நின்னு நம்ம கைலியைப் போட்டோ எடுத்துகினு போனாங்க.'

நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் மனதுக்குள் வழக்கு பதிவாகி, விசா ரத்தாகி, அவர்கள் சென்னை ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டார்கள். மாடி ரூமைப் பெருக்கச் சொன்னேன். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். இந்தத் தடவை இணைப்புகள் மட்டும் ஏழு.

"மொதல்ல அந்தம்மா இன்னா சொல்றாங்கன்னு கேளுங்க. நீங்களே தீர்ப்பெழுதி நீங்களே ஜெயிலுக்குப் போகாதீங்க" என்றாள் சரஸ்வதி.

அந்தம்மா அன்று சாயங்காலம் நாலு மாடி ஏறி வந்தார். ஸ்கூல் டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரிசோதித்தார். சத்தம் தன் வீட்டுக்குக் கேட்கவில்லை, நல்லது என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: "இது எனக்கும் ஒன்று கிடைக்குமா?"

அவர் வீட்டிலும் அதே மாதிரி ஏசி, அதே மாதிரி உறை இல்லாமல், மூன்று வாரமாக மூலையில் சும்மா நிற்கிறதாம்! ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். தெருப்பக்கம் கட்டம் தெரியக் கூடாது. கட்டடம் முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனவே வித்யா வீடு, அவர் வீடு, இதே கஷ்டத்தில் இருந்த மற்ற வீடுகள், எல்லோருக்கும் வெள்ளைதான்.

"வெள்ளைக் கைலியா?" முனிரத்தினம் தலையில் கை வைத்தார். "அது வேட்டிங்க சார்!"

ஆனாலும் அண்ணனிடம் சொல்லி, வேட்டித் துணியை மூட்டி, ஆறு உறை தைத்து கூரியரில் அனுப்பிவிட்டார். ஐரோப்பிய ஏசி சந்தை வளர்கிறது என்றேன் அல்லவா? அதில் ஆர்.கே.பேட்டையும் நுழைந்துவிட்டது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சிரித்து முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. என் வீட்டு வெளியூனிட் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டு சமையலறை சன்னலுக்கு நேர் எதிரே! இரண்டு வருடமாக அந்தச் சன்னல் மூடியே கிடக்கிறது. நான் யாரிடம் அனுமதி கேட்டேன்? எந்த மீட்டிங் போட்டேன்? என் ரூம் குளிர, அவர்கள் அடுப்பங்கரைக்கு இன்னொரு அடுப்பு கொடுத்திருக்கிறேன். ஏழு கேள்வி கேட்கிற ஊரைக் கிண்டல் செய்தவனை, இங்கே ஒரு கேள்வி கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினம் அதைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றினார். கீழே நின்று டார்ச் பிடித்தது நான். பல்லால் பிடிக்க விடவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு சன்னல் திறந்தது. மீன்குழம்பு வாசனை வந்தது. பின்னாலேயே ஒரு கிண்ணமும் வந்தது.

செவ்வாய்க்கிழமை முடி இறக்கி, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு படியில் இறங்கினேன். மலைக்காற்று நேராகத் தலையில் பட்டது. ஆகா! கேஸ் வேண்டாம், ஹோஸ் வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம்!

அங்கிருந்தே வித்யாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் கீழ்வீட்டு டீச்சரம்மா. வேண்டுதல், மொட்டை, முருகன் எல்லாவற்றையும் வித்யா ஜெர்மனில் விளக்கினாள். அந்தம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"நைனா, இதுக்கு நீ யார்கிட்டயாவது பெர்மிஷன் வாங்கினியான்னு கேக்கறாங்க."

எனக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி சரஸ்வதி இறங்கிக்கொண்டிருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் மகன் கல்யாணம். குடும்ப போட்டோவில் முன்வரிசையில் நிற்க வேண்டியவன் நான்.

அந்த விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.