ஆணியில் மாட்டிய தாலி

என் அம்மா தினமும் காலை பத்து மணிக்குத் தாலியைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவாள். வேலை என்றால் தூரமில்லை. பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழே ஒரு கார் ஷெட் இருந்தது. எங்களிடம் கார் இல்லாததால் அது அம்மாவின் பட்டறை ஆயிற்று. அங்கே மரத்தில் யானை, ஒட்டகம், ரயில் எஞ்சின், வங்காள எழுத்துகள் எல்லாம் வெட்டி நர்சரிப் பள்ளிகளுக்கு அனுப்புவாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருமுறை தாலி கழுத்துக்குத் திரும்பும். சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் ஆணி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் பேண்ட்டைக் கழற்றிக் கொடியில் போடுவதைப் போல அதுவும் ஒன்று.

எல்லாவற்றுக்கும் காரணம் பேண்ட்சா என்ற மரம் அறுக்கும் ரம்பம். ஆள் உயர மெஷின். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி பெல்ட் மாதிரி ஓடும் மெல்லிய ரம்பப் பட்டை. நடுவில் ஒரு இரும்பு மேஜை. பலகையை அந்த மேஜையில் வைத்துத் தள்ளினால் பட்டை அதை வளைத்து வளைத்து வெட்டிக்கொடுக்கும். ஹவுராவில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று அங்கே ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த அப்பா பேச்சுவாக்கில் சொல்ல, அடுத்த வாரமே அம்மா தாலிச் சங்கிலியை விற்று மெஷினை வாங்கிவிட்டாள். தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியது.

மெஷினைப் பொருத்த வந்த மிஸ்திரி பிளேடை மாட்டிவிட்டு, "ஹோயே கேச்சே பௌதி" என்று கையைத் தட்டித் தூசியை உதறினார். எல்லாம் முடிந்தது அண்ணி என்று அர்த்தம். அம்மா குனிந்து பார்த்தாள். பிளேடின் பற்கள் மேல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பல் கீழே பார்த்தால்தான் பலகை மேஜையோடு அமுங்கி நிற்கும், மேலே பார்த்தால் பலகையைத் தூக்கி முகத்தில் அடிக்கும் என்று தன் உடைந்த வங்காளத்தில் சொன்னாள். அவர் சிரித்தார். தனக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று கணக்குச் சொன்னார். அம்மா பிளேடைத் தானே கழற்றி, உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டி, திரும்ப மாட்டினாள். இப்போது பல் கீழே பார்த்தது. மிஸ்திரியும் கீழே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு அந்த மெஷினை வேறு யாரும் தொட அவள் விடவில்லை. பிளேடை முறுக்கேற்றிவிட்டுச் சுவிட்சைப் போடாமல் கையாலேயே சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பாள். பட்டை சக்கரத்தின் நடுவில் ஓடுகிறதா, ஓரத்துக்கு ஒதுங்குகிறதா என்று பார்த்துப் பின்னால் இருக்கும் திருகை ஒரு மயிரிழை திருப்புவாள். பிளேடுக்கும் அதை இருபுறமும் பிடித்து நிறுத்தும் கட்டைகளுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கவேண்டுமாம். அந்தத் தாள் எப்போதும் என் கணக்கு நோட்டிலிருந்தே கிழிக்கப்பட்டது.

உடுப்பிலும் கண்டிப்பு. புடவை கிடையாது. அப்பாவின் பழைய பேண்ட், அரைக்கை சட்டை. தலைமுடியைக் கொண்டையாக்கி மேலே துணி கட்டிவிடுவாள். வளையல், மோதிரம், தாலி எதுவும் உடம்பில் இருக்காது. ஓடுகிற பட்டைக்குக் கழுத்து எது, கயிறு எது என்று தெரியாது என்பாள். சித்தி என்ற அர்த்தத்தில் நான் காக்கிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளப் பெண்மணி உப்புத்தாள் தேய்க்க வந்தபோது, கல்யாண அடையாளமாகக் கையில் இருந்த சங்கு வளையலைக் கழற்றமாட்டேன் என்றாள். "கழற்ற வேண்டாம், மெஷின் பக்கம் வரவும் வேண்டாம்" என்று அம்மா அவளுக்கு ஷெட்டின் மறுகோடியில் பாய் விரித்துக் கொடுத்தாள். எனக்கும் எல்லை உண்டு. மெஷினைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தாள். கோட்டைத் தாண்டினால் முதுகில் ஒன்று விழும்.

கோடை விடுமுறையில் ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. கரியாஹாட்டில் மகன் வீட்டில் இருந்தாள். மாமா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெறும் நெற்றியும் வெளிர் நிறப் புடவையுமாக மாடிக்கு வந்தவள், தண்ணீர் குடிக்கும்போது ஆணியைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இது என்னது?"

"அம்மா தாலி."

"அது ஏன் சுவத்துல தொங்குது?"

நான் விளக்கினேன். கீழே போகும்போது கழற்றிவிடுவாள், தினமும்தான் என்றேன். அத்தை பாதித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். பட்டை முழுக்க நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் திரும்பி, "வாங்க மதினி" என்றாள்.

"புருசன் உசுரோட இருக்கும்போது கழுத்த மூளியாக்கிட்டு நிக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

"மெஷின்ல நிக்கும்போது போடக்கூடாது மதினி."

"அப்ப மெஷின விடு."

"விடமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. புதிய பலகையை எடுத்து அதில் பென்சிலால் யானையை வரைய ஆரம்பித்தாள். அத்தை என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தம்பியிடமே சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவின் செல்லுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது முறையும் அது அடித்து அடித்து ஓய்ந்தபோது அத்தையின் முகம் மாறிவிட்டது.

"ஹவுராவுல ரயிலும் கூட்டமுமா கெடக்கு. அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா இவ என்ன செய்வா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும் என்பதைப் போல.

கீழே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. தாலி ஆணியில் இருந்தது. அப்பா போனை எடுக்கவில்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட ஒன்பது வயது போதும். அத்தை இன்னொரு முறை எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போது நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தாலியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அம்மாவின் கழுத்தில் நானே போட்டுவிடுவதாகத் திட்டம். அவள் கை வேலையாக இருக்கும்போது போட்டுவிட்டால் தடுக்க முடியாதே.

சாக்பீஸ் கோட்டைத் தாண்டினேன். அம்மா யானையின் தும்பிக்கை வளைவில் இருந்தாள். ஓரக்கண்ணில் என்னைப் பார்த்ததும் சிவப்பு பட்டனை முழங்கையால் தட்டினாள். மோட்டார் சத்தம் அடங்கிற்று. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். சத்தம் போன பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், பட்டை சும்மா நிற்பதைப் போலவே பளபளத்துக்கொண்டு ஓடும் என்பது என் மூளைக்கு ஏறியிருக்கவில்லை. கயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு மேஜைக்குக் குறுக்கே அவள் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

அம்மா ஒரே வீச்சில் என் இரண்டு கைகளையும் தட்டிவிட்டாள். கயிறு நழுவிப் பலகைமேல் விழுந்தது. அதன் நுனி பட்டையில் பட்டது. 'விருட்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். கயிறு மேஜையின் பிளவுக்குள் போய்விட்டது. தாலி மட்டும் தெறித்துக் காக்கிமாவின் பாய் அருகே மரத்தூளில் விழுந்தது.

காக்கிமா 'மா கோ' என்று அலறினாள். என்னைக் காணாமல் தேடி இறங்கிவந்த அத்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். பிறகு முதுகில் வைத்தாள் ஒன்று. இன்றுவரை அப்படி ஒரு அடி நான் வாங்கியதில்லை. அதற்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கினாள். கீழ்ச்சக்கரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே சுற்றிக்கிடந்த மஞ்சள் கயிற்றைத் துண்டு துண்டாக உருவி எடுத்தாள். அந்தத் துண்டுகளோடு நேரே அத்தையிடம் போய் நின்றாள்.

"பாத்தீங்களா மதினி? இது என் கழுத்துல இருந்திருந்தா?"

அத்தை ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"என் கழுத்து போயிருக்கும். இவ அம்மா இல்லாம நின்னுருப்பா. உங்க தம்பிக்கு அதனால ஆயுசு கூடுமா?"

"இனியும் இத ஓட்டுவியா?" என்று அத்தை முனகினாள்.

"ஓட்டாம? யானை பாதியில நிக்குதே."

பிளேடில் பல் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள். கையால் சக்கரத்தைச் சுற்றினாள். திருகைத் தொட்டுப் பார்த்தாள். மூடியை மாட்டினாள். என்னைக் கோட்டுக்கு வெளியே, அத்தைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு பிளக்கைச் சொருகி, எங்கள் மூன்று பேருடைய கண்ணெதிரே, வெறும் கழுத்தோடு யானையின் தும்பிக்கையை வெட்டி முடித்தாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஊரில் எந்த அம்மாவுக்கும் இந்தத் தைரியம் கிடையாது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். தாராதலாவில் பஸ் நகரவேயில்லை என்று திட்டிக்கொண்டே வந்தார். செல்போனை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நடந்ததைக் கேட்டதும் முதலில் என் கையைப் பிடித்து விரல்களை எண்ணினார். அப்புறம் கயிற்றுத் துண்டுகளைப் பார்த்தார்.

"நாளைக்கு வேற கயிறு வாங்கிட்டு வாரேன்" என்றார் அம்மாவிடம். "ரெண்டா வாங்குதேன்."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது, நாங்கள் ஜெயித்துவிட்டோம். அப்பா முழுசாக நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீயை ஊதுவதை, பிஸ்கட்டை நனைப்பதை, ஏதோ முதல்முறை பார்ப்பதைப் போல. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நான் ஒரு நாள்கூட கழத்துனதில்ல. குளிக்கும்போதுகூட. ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கக் கழத்தச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டு வந்துட்டேன். ஒரு நாள்கூட."

இன்னமும் சண்டையைத் தொடர்கிறாள் என்றுதான் நினைத்தேன். தான்தான் ஒழுங்கு, அம்மா மோசம் என்று பெருமையடித்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. விட எனக்கு மனசில்லை.

"கழத்தியிருந்தா நீங்களும் மெஷின் ஓட்டியிருக்கலாம் அத்தை" என்றேன்.

அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்காத அம்மா எழுந்து போய் அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க மதினி" என்றாள். அத்தை குலுங்கிக் குலுங்கி அழுதாள். அம்மாவும் அழுதாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவ்வளவு அழகாக ஜெயித்துவிட்டு, கடைசியில் போய் எதற்காகத் தோற்றாள்? ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.